ஃபுளூயிட் ஃபிலிம்: உப்பு றோட்டுக்கு முன் காரின் அடிவயிற்றுக்கு

ஒன்ராறியோவில் பத்து, பன்னிரண்டு வருசம் ஓடிய காரைப் பார்த்து "இனி இதுக்குக் காசு போடாதேங்கோ" என்று மெக்கானிக் கைவிரிக்கும்போது, என்ஜின் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகடு உக்கியிருக்கும். பின் பிறேக்குக்குப் போகும் இரும்புக் குழாய் ஓரிடத்தில் பொருமிக் கசிந்துகொண்டிருக்கும். என்ஜினையும் சில்லுகளையும் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டத்தில் சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டும். கறள் என்றாலும் துரு என்றாலும் ரொறன்ரோவில் அதற்குக் காரணம் ஒன்றுதான்: நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை றோட்டில் கொட்டப்படும் உப்பு.

வீட்டு டிரைவேயில் நாமே அடிக்கக்கூடிய கறள்தடுப்புப் பூச்சுகளில் கூடுதலாகப் பேசப்படுவது ஃபுளூயிட் ஃபிலிம். முடிவை முதலே சொல்லிவிடலாம். சொந்த டிரைவே, ஒரு சின்னக் கொம்பிரசர், ஒக்ரோபரில் காய்ந்த சனிக்கிழமை ஒன்று, இந்த மூன்றும் கையில் உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். இரண்டு ஸ்ப்ரே பேணி வாங்கி, குனிந்து பார்த்தால் தெரியும் இடத்தில் மட்டும் அடித்துவிட்டு எழும்புகிறவருக்கு இது காசைக் கரியாக்கும் வேலை. கறள் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மருந்து அங்கே போகவில்லை என்றால் எந்தப் பூச்சும் உதவாது.

உப்பைப் பற்றி இரண்டு விசயம் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். றோட்டில் விழுவது பெரும்பாலும் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைட். -10 பாகைக்குக் கீழே போகப் போக அதன் வேலை மந்தமாகும் என்பதால் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவையும் சேர்க்கப்படுகின்றன. பனி விழ முன்னரே உப்புக் கரைசலைக் கோடு கோடாகத் தெளித்துவிட்டுப் போவதும் இப்போது வழமை. கல்லுப்பு தெறித்துக் கீழே விழும். கரைசல் அப்படி விழாது. ரயர் எற்றும் நீர்த்தூசியோடு ஏறி, இரண்டு தகடு பொருந்தும் மயிரிடை இடுக்குக்குள் போய் உட்காரும். கல்சியமும் மக்னீசியமும் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்க்கக் கார் காய்ந்திருக்கும், இடுக்குக்குள் உப்புநீர் காயாது.

இரண்டாவது, வெப்பம். -15இல் வெளியே நிற்கும் காரில் கறள் மெல்லத்தான் ஏறும். அதே காரை உப்புச் சேற்றோடு சூடான கராஜுக்குள்ளோ, அடுக்குமாடியின் நிலத்தடித் தரிப்பிடத்திலோ விட்டால் ஐஸ் உருகும், உப்பு கரையும், இரும்பு அரிப்பதற்குத் தேவையான சூடும் கிடைக்கும், விடியும் வரை அரித்துக்கொண்டே இருக்கும். கராஜ் இருக்கிறது, கார் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைப்பவருக்குத்தான் இந்தப் பூச்சு கூடத் தேவை.

ஃபுளூயிட் ஃபிலிமின் அடிச்சரக்கு லனோலின். செம்மறி உரோமத்தைக் கழுவும்போது பிரியும் மெழுகுக் கொழுப்பு அது. ஆட்டின் தோலுக்கு மழைத் தண்ணீர் இறங்காமல் காப்பது. யுரேகா கெமிக்கல் என்ற அமெரிக்க நிறுவனம் இதைக் கப்பல்களின் நீர்த்தொட்டிகளுக்குள் பூசக் கொடுத்தது, கார்க்காரர் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கரைப்பான் எதுவும் இல்லை. அதனால் இது காய்ந்து இறுகாது, மாதக்கணக்கில் பசையாகவே இருக்கும். "ஆட்டுக் கொழுப்புத்தானே, முழுக்க இயற்கை" என்று நினைத்து வாங்க வேண்டாம். பெற்றோலிய எண்ணெயும் கலந்தே வருகிறது. ரப்பருக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் அந்த எண்ணெய்.

காயாமல் இருப்பதுதான் இதன் பெரிய பலம். சில கடைகளில் காரின் அடியில் கறுப்பு ரப்பர்ப் பூச்சு அடித்துக் கொடுப்பார்கள். முதல் நாள் பார்க்கப் புதுக்கார் மாதிரி இருக்கும். கல் தெறித்து ஓரிடம் வெடித்தால் போதும், அந்த வெடிப்பால் உப்புநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. மேலே கறுப்பாக மினுங்க, உள்ளே தகடு பொரிந்துகொண்டிருக்கும். மூன்று வருசம் கழித்துப் பூச்சு தகடாகக் கழன்று விழும்போது கறளும் கூடவே விழும். ஏற்கெனவே கறள் தொட்ட காரில் அந்தக் கறுப்புப் பூச்சை அடிப்பது பெரிய பிழை. ஈரமாகவே இருக்கும் பூச்சில் வெடிப்பு வராது. கல் பட்டு ஒதுங்கினாலும் பக்கத்தில் உள்ளது மெல்ல ஊர்ந்து வந்து கொஞ்சம் மூடிக்கொள்ளும். மேலோட்டமான கறளின் மேல் அடித்தால் அதற்குள் ஊறி, காற்றும் தண்ணீரும் போவதைக் குறைக்கும். கறளை இரும்பாக மாற்றும் மந்திரம் அதில் இல்லை, வேகத்தைத்தான் குறைக்கும்.

எப்படி வாங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்ப்ரே பேணி 11.75 அவுன்ஸ், கிட்டத்தட்ட 333 கிராம். கொரோலா, சிவிக் அளவு காருக்கு முதல் முறை ஒழுங்காக அடிக்க 5, 6 பேணி போகும். அந்தக் காசு ஏறத்தாழ 1 கலன் வாளியின் விலையை எட்டிவிடும். கலனில் 3.78 லீற்றர் இருக்கிறது. கொரோலாவுக்கு முதல் வருசம் 2 முதல் 2.5 லீற்றர், ஆர்.ஏ.வி.4, சி.ஆர்.-வி. மாதிரி வண்டிக்கு 3 லீற்றர், மினிவானுக்கோ பிக்கப்புக்கோ முழுக் கலன் என்று கணக்கு வைக்கலாம். அடுத்தடுத்த வருசம் பாதிதான் போகும். அண்ணன் தம்பி, பக்கத்து வீடு என்று இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாளியும் ஒரு தெளிப்புத் துப்பாக்கியும் எடுத்தால் செலவு நன்றாக இறங்கும். பேணிகளை, இடையிடையே மெலிந்த இடத்துக்குத் திரும்ப அடிக்கும் வேலைக்கு மட்டும் ஒன்று, இரண்டு வைத்திருங்கள்.

துப்பாக்கி என்பது 1 லீற்றர் போத்தல் திருகும் அடிப்பூச்சு ஸ்ப்ரே. வாங்கும்போது கட்டாயம் பார்க்கவேண்டியது, கூட வரும் வளையும் நீளக் குழாய். 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது; நுனியில் சுற்றிவர எல்லாப் பக்கமும் தெளிக்கும் துளைகள் இருக்கவேண்டும். அது இல்லாத துப்பாக்கியை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கொம்பிரசர் பெரிதாகத் தேவையில்லை. 60 முதல் 90 பி.எஸ்.ஐ. வரை காற்றழுத்தம் கொடுக்கும் சின்னத் தொட்டிக் கொம்பிரசர் போதும். இடையிடையே காற்று நிரம்பும் வரை பொறுக்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் பகை ஈரம். காரின் அடியை நன்றாகக் கழுவி, குறைந்தது 24 மணித்தியாலம், முடிந்தால் 48, காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் தண்ணீரை உள்ளே வைத்து மூடுகிறோம். போன குளிர்காலத்து உப்பும் அதோடு உள்ளே இருக்கும். கழுவுவதற்கு அழுத்தக் குழாய்க்குக் கீழ்ப்பக்கம் தெளிக்கும் இணைப்பு கிடைக்கும். அது இல்லாவிட்டால் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரைக் காருக்குக் கீழே வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு மணித்தியாலம் ஓடவிடலாம். மெதுவாக நனைந்து சேறு தானாக இளகும். சப்ஃபிரேமின் மேல் தட்டிலும் பின் சில்லு வளைவின் உள் விளிம்பிலும் மண் அப்பியிருக்கும். அதைக் கையால் தோண்டி எடுக்கவேண்டும், தண்ணீர் மட்டும் காணாது. அதனால்தான் செப்ரெம்பர் கடைசியிலிருந்து நன்றி தெரிவித்தல் விடுமுறை வரும் ஒக்ரோபர் இரண்டாவது கிழமை வரை நல்ல காலம். வெளித் தண்ணீர்க் குழாயை இன்னும் பூட்டியிருக்க மாட்டோம், வெயிலும் 15 பாகையைத் தொடும். 10க்குக் கீழே போனால் இந்தப் பொருள் தடித்து, தெளிக்காமல் துப்பும். அப்படி நடந்தால் பேணியையோ போத்தலையோ கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். ஸ்ப்ரே பேணியை 50 பாகைக்கு மேல் சூடாக்கக்கூடாது, அடுப்புப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

காரை உயர்த்தும்போது ஜக்கை மட்டும் நம்பிக் கீழே ஊராதீர்கள். ஜக் ஸ்ராண்ட் இரண்டு பக்கமும், தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை. டிரைவே தார் என்றால் ஸ்ராண்டின் காலுக்குக் கீழே தடித்த பிளைவுட் துண்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் மெல்லப் புதையும். தரை முழுக்க மட்டை விரியுங்கள். சொட்டும் எண்ணெய் தாரையும் இன்ரர்லொக் கல்லையும் கறையாக்கும், மழை பெய்தால் தெருவோர வடிகாலுக்குப் போகும். அது நேரே ஓடைக்குத்தான் போய்ச் சேருகிறது. கண்ணாடி, நைற்றைல் கையுறை, எண்ணெய்த் தூசி மறிக்கும் முகமூடி மூன்றும் கட்டாயம். மல்லாந்து படுத்து மேலே பார்த்து அடிக்கிறோம் என்பதை மறக்கவேண்டாம். என்ஜின், எக்சோஸ்ற் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

றொக்கர் பனலில் தொடங்குங்கள். முன் கதவு, பின் கதவு இரண்டுக்கும் கீழே நீளப் பெட்டி மாதிரி ஓடும் தகடு அது. காரின் எடையைத் தாங்குகிற பகுதி, ஒன்ராறியோவில் முதலில் உக்குவதும் அதுதான். அடிப்பக்கம் கைவிட்டுத் தடவினால் இடைக்கிடை ரப்பர் மூடிகளும், சோற்றுப்பருக்கை நீளத்தில் வடிகால் வெட்டுகளும் தட்டுப்படும். வடிகாலை மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்குங்கள். மண் அடைத்திருந்தால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருந்திருக்கும், அது வடிந்து காயும் வரை அன்றைக்கு அடிக்கவேண்டாம். மூடியைக் கழற்றி, வளையும் குழாயை முடிவு வரை உள்ளே தள்ளுங்கள். விசையை அழுத்திக்கொண்டே ஒரு விநாடிக்கு 5 சென்ரிமீற்றர் வேகத்தில் வெளியே இழுங்கள். இழுக்க இழுக்க, அடியில் தகடுகள் ஒட்டிய விளிம்பைக் கவனியுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அந்த ஒட்டுவரியில் குண்டூசித் தலை அளவில் தேன்நிற முத்து ஒன்று கசிந்து வரும், பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரி முழுக்க வியர்த்தமாதிரி ஆகும். அந்த வியர்வை வந்தால்தான் மருந்து உள்ளே தகடுகளின் இடுக்கைக் கடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். வராத இடத்துக்கு மறுபக்க மூடியால் இன்னொரு தரம்.

அடுத்தது கதவுகள். யன்னலை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளையால் குழாயின் நுனியை விட்டு, அடி ஓரத்துக்கு மட்டும் அடியுங்கள். மேலே போனால் கண்ணாடி ஓடும் ரப்பரிலும் ஸ்பீக்கரிலும் படும். பின் சில்லு வளைவுதான் மற்ற முக்கியமான இடம். பழைய மாஸ்டா 3, சிவிக் ஓடிய எவருக்கும் அந்த வளைவில் பெயின்ற் கொப்பளித்து வரும் காட்சி தெரியும். உள்ளும் வெளியும் இரண்டு தகட்டை மடித்து ஒட்டிய விளிம்பு அது. பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி, மடிப்பின் உள்பக்கம் குழாயை விட்டு அடிக்கவேண்டும். உறையின் கிளிப் நாலைந்து உடையும், முன்னரே ஒரு பக்கற் புதுக் கிளிப் வாங்கி வையுங்கள். பின்கதவின் கீழ் மடிப்பு, பொனற்றின் முன் விளிம்பின் உள்பக்கம் இரண்டுக்கும் அரை நிமிடம் போதும்.

பிறகு அடிப்பக்கம். சப்ஃபிரேமுக்குள் துளை வழியாக, பிறகு வெளியே. இங்கே தடிப்பாக அப்பவேண்டாம். ஈரமாக மினுங்கினால் போதும், சொட்டினால் கூடிவிட்டது. பிறேக், பெற்றோல் குழாய்களை முழு நீளத்துக்கும் தொடர்ந்து போங்கள், குறிப்பாகப் பிளாஸ்ரிக் கிளிப் பிடித்திருக்கும் இடங்கள். கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் உப்புமண் அடைந்து அங்கேதான் குழாய் மெலியும். குழாயில் ஏற்கெனவே செதில் எழும்பியிருந்தால் பூச்சால் மறைத்துவிட்டு ஓடாதீர்கள். அது மாற்றவேண்டிய குழாய். செம்பு-நிக்கல் குழாய் போடச் சொல்லுங்கள், அது கறள் பிடிக்காது.

எங்கே அடிக்கக்கூடாது என்பது அதைவிட முக்கியம். பிறேக் தட்டு, பாட், கலிப்பர் பக்கம் ஒரு துளியும் போகக்கூடாது. சில்லுப் பகுதியில் வேலை செய்யும்போது பிறேக்கைக் குப்பைப் பையால் மூடிக் கட்டுங்கள். என்ஜின் பெல்ற்றுகளில் பட்டால் வழுக்கும். எக்சோஸ்றில் பட்டது எரிந்து இரண்டு நாள் புகையும் நாற்றமும் வரும். ஒக்சிசன் சென்சரில் படவே கூடாது. ஆசனப் பட்டி சுருளும் பெட்டி நடுத்தூணின் அடியில் இருக்கிறது. அந்தத் தூணுக்குள் அடித்தால் பட்டியில் எண்ணெய் ஏறும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். இயற்கை ரப்பர் இந்த எண்ணெயில் ஊறி வீங்கும், தயாரிப்பாளரே எச்சரிப்பது இது. ஸ்ரபிலைசர் கம்பியைப் பிடிக்கும் ரப்பர் புஷ், எக்சோஸ்ற் தொங்கும் ரப்பர், கதவு ரப்பர் இவற்றில் பட்டால் துடைத்துவிடுங்கள். ஹைபிரிட், மின்கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டவே போகவேண்டாம்.

அடித்த பிறகு இரண்டு நாள் சொட்டும், மட்டையை எடுக்காதீர்கள். மணத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்: நனைந்த ஆட்டுப்பட்டி மணம். இரண்டு, மூன்று கிழமை இருக்கும், ஹீற்றர் போட்டால் உள்ளேயும் கொஞ்சம் வரும். மூக்குக் கூர்மையான ஆக்கள் வீட்டில் இருந்தால் இதை யோசித்துத்தான் வாங்கவேண்டும். அடிப்பக்கத்தில் தூசி ஒட்டிக் கறுத்துப்போகும்; அதில் பயமில்லை, அந்தப் படையும் காப்புத்தான். அடுத்த முறை கீழே கைவைக்கும் மெக்கானிக் முணுமுணுப்பார், ஆனால் கறளில் இறுகாத திருகாணியைக் கழற்றும்போது அந்த முணுமுணுப்பு நின்றுவிடும்.

இதன் உண்மையான குறை, கழுவுப்படுவது. ரயர் நேரே தண்ணீரை எற்றும் இடங்களில், அதாவது சில்லு வளைவின் பின்பாதியிலும் முன் சில்லுக்குப் பின்னால் றொக்கரின் முனையிலும், தைமாதம் முடிய முன்னரே படை மெலிந்துவிடும். அடிக்கடி அடிப்பக்கம் அழுத்திக் கழுவும் கார்-வொஷ் போகிறவருக்கு இன்னும் கெதியாகப் போகும். பெட்டிகளுக்குள் அடித்தது அப்படியல்ல, அது வருசம் முழுக்க நிற்கும். இந்த இடத்தில் வூல்வக்ஸ் முந்துகிறது. அதுவும் லனோலின் சரக்குத்தான், ஆனால் தடிப்புக் கூட, மணம் குறைவு, வெளித்தகட்டில் கூடுதல் நாள் பிடித்து நிற்கும். அதே தடிப்பால் நுண்ணிய ஒட்டுவரிகளுக்குள் ஊர்வது குறைவு, குளிர்ந்த நாளில் தெளிப்பதும் கஸ்டம். இரண்டும் வாங்க வசதி உள்ளவர் பெட்டிகளுக்குள் ஃபுளூயிட் ஃபிலிமும் வெளியே வூல்வக்ஸும் அடித்தால் அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. ஒன்றுதான் என்றால் ஃபுளூயிட் ஃபிலிமே.

அடுக்குமாடியில் இருப்பவர், கொம்பிரசர் இல்லாதவர் கிறவுன், ரஸ்ட் செக் மாதிரி வருசாவருசம் அடித்துக்கொடுக்கும் கனடியக் கடைகளுக்குப் போவதே புத்தி. அவர்களுடைய எண்ணெய் மெல்லியது, நன்றாக ஊரும், ஓரிரு நாள் நிறையச் சொட்டும். கதவுப் பக்கம் சிறு துளை போட்டு உள்ளே அடித்து மூடி போடுவார்கள். துளை போடுவதில் விருப்பமில்லை என்றால் முதலே சொல்லவேண்டும், இருக்கும் துளைகளால் மட்டும் அடிக்கும்படி கேட்கலாம். காரை எடுக்கும்போது றொக்கரின் ஒட்டுவரி வியர்த்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மேற்பக்க வேலையை எப்போதும் எண்ணெய் அடித்த பிறகு வையுங்கள். பெயின்ற்றில் பட்ட எண்ணெய்த் தூசியைச் சமையலறைச் சவர்க்காரத்தால் கழுவித்தான் மெழுகு பூசமுடியும். முதலே பூசினால் அந்தக் கழுவலில் மெழுகும் போய்விடும். பொனற்றில் கல் பட்ட வெள்ளைப் புள்ளிகளைத் துப்புரவாக்கி, ரச்-அப் பெயின்ற் வைத்து, ஒரு நாள் விட்டு, பிறகு மெழுகு. குளிர்காலத்துக்குக் கொலினைற் 845 என்ற திரவ மெழுகு நல்ல தேர்வு. ஒரு 473 மில்லிலீற்றர் போத்தல் பல வருசம் வரும். குளிரில் போத்தலுக்குள் கட்டிப்படும், சுடுதண்ணீரில் வைத்துக் குலுக்கினால் இளகும். ஒவ்வொரு பனலாக, மிக மெல்லியதாகப் பூசி, வெண்புகை படிந்ததும் துடையுங்கள். துடைக்கக் கஸ்டப்பட்டால் பூசியது கூடிவிட்டது. இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஒரு இரவு. சில்லுகளின் உள்பக்கத்துக்கும் பூசினால் பிறேக் தூசியும் உப்பும் தண்ணீருக்கே போகும்.

கதவு ரப்பர்களுக்குச் சிலிக்கன் கிரீஸ் அல்லது கும்மி ஃபிளேகே என்ற ரப்பர் பராமரிப்புத் திரவம் பூசுங்கள். -20இல் கதவு ஒட்டி ரப்பர் கிழிவதை அது தடுக்கும். யன்னல் கழுவும் நீர்த்தொட்டியில் இருக்கும் கோடைகாலத் தண்ணீரை முழுக்கத் தெளித்து முடித்துவிட்டு -40 பாகை என்று எழுதியதை ஊற்றுங்கள். மிச்சத்தோடு கலந்தால் போத்தலில் எழுதிய பாகை உங்களுக்குக் கிடைக்காது, 401 நெடுஞ்சாலையில் கண்ணாடி முழுக்கச் சேறு படியும் நேரம் குழாய் உறைந்திருக்கும். பற்றரி ஓய்ந்த நிலையில் 12.6 வோல்ற் காட்டவேண்டும், 12.4க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்; -18இல் நல்ல பற்றரிக்கே பாதிப் பலம்தான். குளிரூட்டித் திரவம் பாதிக்குப் பாதி என்றால் -37 வரை தாங்கும், ஐந்து டொலர்க் கருவியில் சோதிக்கலாம்.

விண்டர் ரயர் ஒன்ராறியோவில் சட்டக் கட்டாயம் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் 2016 ஜனவரி 1இலிருந்து ஒன்ராறியோவில் விண்டர் ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும், கேட்டு வாங்குங்கள். பகல் வெப்பம் 7 பாகைக்குக் கீழே நிலைக்கத் தொடங்கினால் மாற்றும் நேரம். கழற்றும்போது, சில்லு பொருந்தும் ஹப்பின் முகத்தில் உள்ள கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒட்டிப்பிடிக்காமல் காக்கும் அன்ரி-சீஸ் பசையை மிக மெல்லியதாகப் பூசுங்கள், அடுத்த வசந்தத்தில் சில்லைக் காலால் உதைக்கவேண்டி வராது. சில்லு நட் ஏறும் ஸ்ரட்டின் புரிகளில் பூசக்கூடாது, முறுக்கு அளவு பிழைக்கும். நட்டை இறுக்கவேண்டிய முறுக்கு அளவு கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், சிவிக்குக்கு 108. 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் துப்பாக்கியின் போத்தலில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிற் என்ற கரைப்பானை விட்டு, வேறொரு வெறும் வாளிக்குள் தெளித்துக் குழாயைக் கழுவி, அந்தக் கழிவை நகராட்சியின் ஆபத்தான கழிவுக் கிடங்கில் கொடுங்கள். மிஞ்சிய சரக்கு இறுக்கி மூடினால் அடுத்த வருசத்துக்கும் வரும்.

வைத்திருந்த அந்த ஒரு ஸ்ப்ரே பேணி பெப்ரவரியில் கைகொடுக்கும். இடையில் ஒருநாள் வெயில் எறித்து +5, +6க்கு ஏறும். அன்றைக்குக் கார்-வொஷில் சில்லு வளைவுகளை மட்டும் கழுவி, கொஞ்ச நேரம் ஓடிக் காயவிட்டு, பேணியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, நாலு வளைவின் உள் விளிம்புக்கும், முன் சில்லுக்குப் பின்னால் உள்ள றொக்கர் முனைக்கும், கைக்கு எட்டும் பிறேக் குழாய்க் கிளிப்புகளுக்கும் ஒரு தரம் அடியுங்கள். அரைப் பேணி போதும்.